சுழல்கம்பியில் விரித்த கோழி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், முழுக் கோழியைக் கம்பியில் கோத்துக் கரி அடுப்பின் மேல் சுழலவிட்டுச் சுடும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. முதுகெலும்பை எடுத்துவிட்டுத் தட்டையாக விரித்த கோழியை அதே சுழல்கம்பியில் சுட முடியுமா, அதற்கு என்னென்ன உபகரணங்கள் வேண்டும் என்பதே அது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டு, இம்மாதப் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மைத்துனர் சென்ற பொங்கலுக்கு வந்தபோது, மூடியுடன் கூடிய வட்டமான பார்பிக்யூ அடுப்பு ஒன்றையும், அதற்குரிய சுழல்கம்பி, மோட்டார், கம்பியில் மாட்டும் இருமுனை முட்கள் இரண்டையும் கொண்டுவந்தார். முழுக் கோழி நன்றாகவே வருகிறது. ஆனால் ஓசூர் சாலையில் ஓர் உணவகத்தில் அல்ஃபஹாம் என்ற அரபு முறைச் சுட்ட கோழியைச் சாப்பிட்டதிலிருந்து பிள்ளைகள் விரித்த கோழிதான் வேண்டும் என்கிறார்கள். அந்த முட்களிலேயே விரித்த கோழியைக் குத்திச் சுழலவிடலாமா, அல்லது தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?
பர்கூர் வாசகர் ஒருவர்

பதில்: முட்களை மட்டும் நம்பி விரித்த கோழியைச் சுழலவிட வேண்டாம். முழுக் கோழியில் கம்பி வயிற்றுக்குழி வழியாக நுழைந்து கழுத்துப் பக்கம் வெளிவருகிறது. நெஞ்செலும்பும் விலா எலும்புகளும் முதுகெலும்பும் சேர்ந்து ஒரு கூடுபோல் நின்று எடையைத் தாங்குகின்றன. அந்தக் கூடு கம்பியில் வழுக்கிச் சுற்றாமல் பிடித்துக்கொள்ளும் வேலையை மட்டுமே முட்கள் செய்கின்றன. முதுகெலும்பை வெட்டி எடுத்து நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கியதும் அந்தக் கூடு இல்லாமல் போய்விடுகிறது. கம்பி நுழையக் குழியும் இல்லை, எடையைத் தாங்க எலும்புச் சட்டமும் இல்லை. முட்கள் வெறும் சதையைத்தான் பற்றிக்கொண்டிருக்கும். பச்சையாக இருக்கும்வரை சதை இறுக்கமாக நின்று நம்மை ஏமாற்றும். வெந்து தொடை மூட்டு தளர்ந்ததும், முள் குத்திய துளை நீண்டு கிழிந்து, கோழி ஒரு பக்கமாகத் தொங்க ஆரம்பிக்கும்.

இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல்லில் நீராடிவிட்டு வந்த உறவினர்கள் எங்கள் தோட்டத்தில் கூடியிருந்தபோது, இதே போல முட்களில் குத்தித்தான் விரித்த கோழியைச் சுழலவிட்டேன். முக்கால் மணி நேரம் ஆகும் தருவாயில் ஒரு கால் முள்ளிலிருந்து கழன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கரியைத் தட்டிவிட்டுப் போயிற்று. மோட்டாரை நிறுத்தக் கை நீட்டுவதற்குள் கோழி முழுவதும் சாம்பலில் கிடந்தது. பசியோடு காத்திருந்த குழந்தைகளின் முகங்கள் இன்றும் நினைவில் இருக்கின்றன. அன்றிலிருந்து கூடையில்லாமல் விரித்த கோழியைக் கம்பியில் ஏற்றியதில்லை.

ஆகவே தங்களுக்கு வேண்டியது தட்டையான வலைக்கூடை. அல்ஃபஹாம் சுடும் கடைகளில் கோழியை இரண்டு கம்பி வலைகளுக்கு நடுவே வைத்து அழுத்திப் பூட்டி, கைப்பிடியைப் பிடித்துப் புரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இரட்டை வலைக்குக் கைப்பிடிக்குப் பதிலாக இரு முனைகளிலும் அச்சு வைத்துவிட்டால், அதுதான் சுழல்கம்பி வலைக்கூடை. இதில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றில், கம்பி கூடையின் ஒரு முனையில் நுழைந்து உள்ளே நெடுகச் சென்று மறுமுனையில் வெளிவரும். மற்றதில், கூடைக்குள் கம்பியே கிடையாது. இரு முனைச் சட்டங்களிலும் குட்டையான அச்சுத்தண்டுகள் மட்டும் இருக்கும். விரித்த கோழிக்கு இரண்டாவது வகையே சிறந்தது, ஏனெனில் கோழி வலையின் மேல் முழுமையாகப் படிந்து கிடக்கும். முதல் வகைதான் கிடைக்கிறது என்றாலும் கவலை வேண்டாம். நெஞ்செலும்பு ஓடும் நடுக்கோடு கம்பியின் மேல் சரியாக அமையும்படி, எலும்புப் பக்கத்தைக் கம்பியை நோக்கி வையுங்கள். விலா எலும்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் கம்பி தானாகவே உட்கார்ந்துகொள்ளும்.

கூடை வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது அதன் மூடியைத்தான். விரித்த கோழி பச்சையாக இருக்கும்போது நெஞ்சுப் பகுதியில் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குக் கனமாக இருக்கும். வேகும்போது நீரும் கொழுப்பும் வடிந்து எடையில் ஏறத்தாழக் கால் பங்கு குறைகிறது, கனமும் சுருங்குகிறது. மூடி ஒரே உயரத்தில் மட்டும் பூட்டும் கூடையில், தொடக்கத்தில் இறுக்கமாக இருந்த கோழி அரை மணி நேரத்துக்குப் பின் உள்ளே வழுக்கத் தொடங்கும். அதைக் காதாலேயே கண்டுபிடித்துவிடலாம். கூடை புரளும் ஒவ்வொரு முறையும் ‘தொப்’ என்று ஓர் ஓசை கேட்டால், கோழி ஒரு வலையிலிருந்து மற்ற வலையின் மேல் விழுகிறது என்று பொருள். தோல் கிழிவதும் மசாலா உதிர்வதும் அந்த ஓசையோடுதான் ஆரம்பமாகின்றன. எனவே, பல படிகளில் இறங்கிப் பூட்டும் மூடியோ, வில்கம்பி வைத்துத் தானாகவே அழுத்திக்கொள்ளும் மூடியோ உள்ள கூடையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். படிகள் உள்ள கூடையானால், இருபத்தைந்தாவது நிமிடத்தில் மோட்டாரை நிறுத்தி, கனமான கையுறை அணிந்து, மூடியை ஒரு படி இறக்கிவிடுங்கள். தேவைப்பட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு படி.

பிள்ளைகள் கேட்பதால் சொல்கிறேன், ஒரே ஒரு கோழிதான் சுடப்போகிறீர்கள், நேரமும் இருக்கிறது என்றால், சாறு நிறைந்த சதைக்கு முழுக் கோழியே மேல் என்பது என் கருத்து. உருண்டையாகக் கட்டிய கோழி சுழலும்போது உருகும் கொழுப்பு அதன் உடலையே சுற்றிச் சுற்றி ஓடித் தோலை நனைக்கிறது. தட்டையான கோழியிலோ அது ஓரத்துக்கு ஓடிச் சொட்டிவிடுகிறது. ஆனால் மசாலா இருபுறமும் ஏற வேண்டும், தோல் முழுவதும் மொறுமொறுப்பாக வேண்டும், ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும் வேலை முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டும் என்றால், விரித்த கோழிக்கு ஈடு இல்லை.

கேள்வி: இந்த வலைக்கூடையை வெளியிலிருந்து வரவழைத்தால் விலை அதிகமாகிறது. எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்து வாங்கலாமா? ஜன்னல் கிரில் செய்யும் நண்பர் ஒருவர், ஜி.ஐ. கம்பியில் மலிவாகச் செய்து தருவதாகச் சொல்கிறார்.
பாலக்கோடு வாசகர் ஒருவர்

பதில்: செய்து வாங்கலாம், தாராளமாக. ஆனால் ஜி.ஐ. கம்பி கூடவே கூடாது. இரும்பின் மேல் துத்தநாகம் பூசியதுதான் ஜி.ஐ. நாம் கோழிக்குத் தடவும் தயிரிலும் எலுமிச்சைச் சாற்றிலும் உள்ள அமிலம் துத்தநாகத்தைக் கரைத்து உணவில் சேர்க்கும். அதுமட்டுமல்லாமல் துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். கனன்று சிவந்த கரியின் சூடு அதைவிட மிக அதிகம். பெயின்ட் அடித்த கம்பி, குரோம் முலாம் பூசிய கம்பி ஆகியவையும் வேண்டாம், முலாம் செதிலாக உரிந்து கோழியில் ஒட்டும்.

‘எஸ்.எஸ். 304’ என்று கேட்டு வாங்குங்கள். ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்த துருப்பிடிக்காத எஃகு அது. அதைவிட மலிவாகக் கிடைக்கும் 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். உப்பும் புளிப்பும் படப்படத் துருப்புள்ளிகள் விரைவில் தோன்றும். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்.எஸ். என்று கடைகளில் சொல்வது வழக்கம், ஆனால் 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை இவ்விடத்தில் உதவாது. ரகத்தைக் குறிப்பிட்டு ரசீது தரும் கடையில் வாங்குவதே ஒரே வழி. சேலம் உருக்காலை 1981-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்தே நம் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகில் வேலை செய்த பழக்கம் உண்டு. ஓட்டல் அடுப்பு, டீக்கடை பாய்லர் செய்யும் எஸ்.எஸ். பட்டறையாகப் பார்த்துப் போனால், ஜன்னல் கிரில் பட்டறையைவிட வேலை சுத்தமாக இருக்கும்.

அளவுகளைச் சொல்கிறேன். ஒன்றே கால் கிலோ கோழியை விரித்தால் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் நீளமும் இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலமும் வரும். வெளிச்சட்டத்துக்கு ஆறு மில்லிமீட்டர் கம்பி, வலைக்கு மூன்று மில்லிமீட்டர் கம்பி போதும். வலைக்கண் இரண்டு முதல் இரண்டரை சென்டிமீட்டர் இருக்கட்டும். கண் அதைவிட நெருக்கமாக இருந்தால் தோலின் பெரும்பகுதி கம்பிக்குப் பின்னால் மறைந்து வெளுத்தே கிடக்கும், அகலமாக இருந்தால் இறக்கை நுனி வெளியே நீண்டு கருகும். கம்பிகளை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய இடங்களையெல்லாம் பஃபிங் போட்டு வழவழப்பாக்கச் சொல்ல வேண்டும். பிசிறு ஒன்று நின்றாலும் அதில் தோல் மாட்டிக் கிழியும்.

பட்டறைக்குப் போகும்போது அளவு எழுதிய தாளை எடுத்துப் போவதைவிட, தங்களிடம் உள்ள சுழல்கம்பியையும் மோட்டாரையும் கையோடு கொண்டுபோங்கள். சந்தையில் உள்ள சதுரக் கம்பிகள் 8, 9.5, 12.7 மில்லிமீட்டர் என்று வெவ்வேறு கனங்களில் வருகின்றன, ஆறுமுகக் கம்பிகளும் உண்டு. அரை மில்லிமீட்டர் தவறினாலும் கம்பி மோட்டாரின் துளையில் நுழையாது, அல்லது நுழைந்து உள்ளே வெறுமனே சுற்றும். கூடை கம்பியோடு சேரும் இரு இடங்களிலும் கையால் திருகி இறுக்கும் திருகுகள் இருக்க வேண்டும். சூட்டில் விரிந்து அவை தளரும் என்பதால், சுடத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் ஒருமுறை இடுக்கியால் இறுக்குங்கள். புதுக் கூடையை முதல் முறை பயன்படுத்துவதற்கு முன், நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெறும் கூடையாகவே அரை மணி நேரம் நெருப்பின் மேல் சுழலவிட்டு, பட்டறை எண்ணெயும் பஃபிங் மெழுகும் எரிந்து போன பின் மறுபடி கழுவ வேண்டும். அதைச் செய்யாதவர்களின் முதல் கோழியில் கிரீஸ் வாடை அடிக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பிய நண்பரிடமிருந்து சுழல்கம்பி மோட்டாரை வாங்கினேன். அதன் மேல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 6 ஆர்.பி.எம். என்று எழுதியிருக்கிறது. நம் வீட்டு மின்சாரத்தில் ஓடுமா? மேலும், வலைக்கூடையை மாட்டினால் மோட்டார் ஒரு பக்கம் திணறியும் மறுபக்கம் சடாரென்று விழுந்தும் சுற்றுகிறதே, இன்னும் பெரிய மோட்டார் வாங்க வேண்டுமா?
ஓசூர் வாசகர் ஒருவர்

பதில்: நம் வீடுகளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இந்த மோட்டாரை நேரடியாகச் செருகினால் சுருள் கருகிவிடும். 230 வோல்ட்டை 110 அல்லது 120 ஆக இறக்கித் தரும் ஸ்டெப்-டவுன் மின்மாற்றி வழியாகத்தான் இணைக்க வேண்டும். அப்படி இணைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. இத்தகைய மோட்டார்களின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60-இல் நிமிடத்துக்கு ஆறு சுற்று சுற்றுவது 50-இல் ஐந்து சுற்றுதான் சுற்றும். கோழிக்கு அது நல்லதே, நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்று வரை எதுவும் பொருந்தும். மோட்டார் சற்றுக் கூடுதலாகச் சூடேறும் என்பதால், அடுப்பின் அனல் நேரே படாதபடி நடுவே ஒரு தகட்டை நிறுத்திவையுங்கள். வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இப்போது வரும் மோட்டார்கள் பெரும்பாலும் நம் மின்சாரத்துக்கே பொருந்தும், ஆனாலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் எதையும் செருக வேண்டாம். வெளியில், ஈரத் தரையில், இரும்பு அடுப்போடு சேர்ந்து இயங்கும் கருவி இது. மூன்று முனைச் செருகி, சரியான எர்த், மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டியதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாமல் பயன்படுத்தவே கூடாது.

இனி, திணறுவதைப் பற்றி. பெரிய மோட்டார் வேண்டாம். திணறுவது வலுக்குறைவால் அல்ல, கோழியும் கூடையும் சேர்ந்த எடையின் மையம் கம்பியின் மேல் அமையாததால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோழி 1.2 கிலோ, கூடை 1 கிலோ, மொத்தம் 2.2 கிலோ. எடை மையம் கம்பியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்தால் மோட்டார் தூக்க வேண்டிய முறுக்கு 2.2 கிலோ-சென்டிமீட்டர், ஐந்து சென்டிமீட்டர் விலகியிருந்தால் 11. பறவையின் எடை கூடவில்லை, ஆனால் மோட்டாரின் சுமை ஐந்து மடங்காகிவிட்டது. ஏறும்போது திணறி, இறங்கும்போது பற்சக்கரத்தில் இருக்கும் இடைவெளி அளவுக்குத் தானாக விழுந்து, அப்படியே ஓடவிட்டால் சில மாதங்களில் பற்கள் தேய்ந்துவிடும்.

இதைச் சரிசெய்யும் முதல் வழிக்குச் செலவே இல்லை. கோழியைக் கூடைக்குள் குறுக்கே வைத்தால் கால் பக்கம் கனமாகவும் கழுத்துப் பக்கம் லேசாகவும் இருக்கும். நெஞ்செலும்பு ஓடும் நடுக்கோடு கம்பிக்கு இணையாக இருக்கும்படி நீளவாக்கில் வைத்தால், வலப்பாதியும் இடப்பாதியும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அதன் பின் மோட்டாரை மாட்டாமல், கம்பியை இரு தாங்கிகளின் மேலும் வைத்துக் கால் சுற்று திருப்பிக் கையை விடுங்கள். விட்ட இடத்திலேயே நின்றால் சரி. நெஞ்சுச் சதை ஒரு முகத்தில் திரண்டிருப்பதால் பெரும்பாலும் அந்த முகம் மெதுவாகக் கீழே இறங்கும். அப்போது கம்பியில் மாட்டும் எதிர்எடையை, அதாவது சிறு கைத்தண்டின் நுனியில் இருக்கும் இரும்புக் குண்டை, எதிர்த்திசையில் நிறுத்தி, உள்ளும் புறமும் நகர்த்தி இறுக்க வேண்டும். எதிர்எடை இல்லாதவர்கள் லேத் பட்டறையில் அரை கிலோ குண்டுக்கு ஒரு புஷ்ஷும் திருகும் வைத்து வாங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்துவிட்டால், 25 வாட்டுக்கு மேல் இழுக்காத சாதாரண மோட்டாரே போதும். மின்தடை நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டரிலும் ஓடும். மின்சாரமும் இன்வெர்ட்டரும் இல்லாத நிலைக்காகக் கம்பியின் மறுமுனையில் ஒரு கைப்பிடி இருக்கட்டும்.

கேள்வி: பிராய்லர் கடையில் விரித்துத் தரச் சொன்னால், நெஞ்சோடு சேர்த்து இரண்டாகப் பிளந்து தந்துவிடுகிறார்கள். வீட்டிலேயே செய்ய என்ன கருவி வேண்டும்?
ஊத்தங்கரை வாசகி ஒருவர்

பதில்: நல்ல கனமான சமையல் கத்தரிக்கோல் ஒன்று போதும் அம்மா, வெட்டுக்கத்தி வேண்டாம். கோழியின் நெஞ்சு கீழே இருக்கும்படி கவிழ்த்து, வால் பக்கத்திலிருந்து தொடங்கி, முதுகெலும்பின் இருபுறமும் கழுத்து வரை நறுக்கி அதைத் தனியே எடுத்துவிடுங்கள், அது குழம்புக்கு ஆகும். உள்பக்கம் தெரியும்படி விரித்தால், நெஞ்செலும்பின் மேல் முனையில் வெள்ளையாகக் குருத்தெலும்பு தெரியும். அதில் கத்தியின் நுனியால் சிறிதாக ஒரு கீறல் போட்டு, கோழியைத் திருப்பிப் போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சின் மேல் வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். ‘மடக்’ என்று ஓசை வரும், கோழி தட்டையாகிவிடும். இறக்கை நுனிகளை நெஞ்சுக்குப் பின்னால் மடக்கிச் செருகிவிட்டால் வலையில் மாட்டாது.

கடையில் சொல்வதானால், ‘முதுகெலும்பை மட்டும் எடுங்கள், நெஞ்சில் கத்தி வைக்க வேண்டாம்’ என்று வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் கடைகளில் கேட்காமலேயே தோலை உரித்துவிடுவது வழக்கம். சுழல்கம்பிக்குத் தோலோடு இருக்கும் கோழிதான் வேண்டும், தோல்தான் கொழுப்பைத் தந்து சதையைக் காக்கிறது. தோல் இல்லாத கோழியே கிடைத்தால், வலையைச் சூடாக்கி எண்ணெய் தடவிய பிறகு கோழியை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணெயோ நெய்யோ தடவிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: வலைக்கூடை, மோட்டார் எல்லாம் சரியாக இருந்தும், கால் நுனியும் இறக்கையும் கரியாகின்றன, தொடையை வெட்டினால் எலும்பருகே சிவப்பாக இருக்கிறது. கரியைக் குறைத்தும் பார்த்துவிட்டேன்.
பென்னாகரம் வாசகர் ஒருவர்

பதில்: கரி அதிகமானதால் வந்த குறை அல்ல இது, கரி இருக்கும் இடத்தால் வந்த குறை. உருண்டையான கோழி எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருப்பிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும். தட்டையான கூடை அப்படியல்ல. தங்கள் கம்பி கரியின் மேற்பரப்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடை படுத்திருக்கும் நொடியில் கோழியின் முகம் கரியிலிருந்து பன்னிரண்டு, பன்னிரண்டரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும். கால் சுற்று சுற்றிக் கூடை செங்குத்தாக நிற்கும் நொடியில், இருபத்தைந்து சென்டிமீட்டர் அகலத்தில் பாதி கீழே தொங்குவதால், அதன் ஓரம் கரிக்கு இரண்டரை சென்டிமீட்டர் அருகே வந்துவிடும். ஓரத்தில் இருப்பவை காலும் இறக்கையும்தான். ஒவ்வொரு சுற்றிலும் அவை நெருப்பை ஏறக்குறைய உரசிச் செல்கின்றன; நடுவில் உள்ள கனமான சதைக்கோ போதிய சூடு போய்ச் சேருவதில்லை.

கம்பிக்கு நேர் கீழே ஒரு துண்டு கரிகூட இருக்கக் கூடாது. நடுவில் எஸ்.எஸ். தட்டு ஒன்றை வைத்து அதில் விரற்கடை அளவு தண்ணீர் ஊற்றுங்கள். சொட்டும் கொழுப்பு தீப்பிடிக்காமல் அதில் அடங்கும். கரியை அந்தத் தட்டின் இரு பக்கங்களிலும் வரிசையாக, அல்லது அடுப்பின் பின்பக்கத்தில் மட்டும் குவித்து வையுங்கள். பின்பக்கக் குவியல்தான் எனக்கு எப்போதும் நல்ல பலன் தந்திருக்கிறது, ஏனெனில் கூடை செங்குத்தாக நிற்கும் நொடியில் கோழியின் முழு முகமும் நெருப்பைப் பார்க்கிறது, ஓரங்கள் நெருங்குவதில்லை. கம்பியின் தாங்கியை உயர்த்த முடியுமானால் இருபது சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்திவிடுங்கள். அடுப்பின் மூடியை மூடியே சுட வேண்டும். வெளியே காற்று பலமாக இருக்கும் ஆடி மாதத்தில், கரி ஒரு பக்கம் மட்டும் கனன்று மறுபக்கம் அணைந்துபோகும், அப்போது காற்று வரும் திசையில் ஒரு தகட்டை நிறுத்துவது அவசியம். கொட்டாங்குச்சிக் கரி வேகமாகச் சூடேறிக் கடுமையாக எரியும். புளிய மரக்கரி நின்று எரியும். இரண்டும் கிடைக்குமானால் விரித்த கோழிக்குப் புளியங்கரியையே எடுப்பேன். மேலே சாம்பல் பூத்த பிறகுதான் கோழியை ஏற்ற வேண்டும்.

வெந்ததா என்பதை நிறத்தைப் பார்த்தோ சாற்றைப் பார்த்தோ முடிவு செய்ய வேண்டாம். குத்திப் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், இந்த உபகரணப் பட்டியலில் கூடைக்கு அடுத்தபடியாக நான் வற்புறுத்துவது அதைத்தான். கம்பியோடு கூடிய வெப்பமானி சுழலும் கூடையில் சுற்றிக்கொள்ளும் என்பதால், உடனடியாக அளவு காட்டும் வகையே ஏற்றது. மோட்டாரை நிறுத்தி, வலைக்கண் வழியாக நுனியைச் செலுத்தி, தொடையின் கனமான இடத்திலும் நெஞ்சின் கனமான இடத்திலும், எலும்பில் படாமல் பாருங்கள். இரண்டிலும் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். கோழியிறைச்சியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் உடனே அழிகின்றன. அமெரிக்க வேளாண்மைத் துறை கோழிக்கு வகுத்திருக்கும் அளவும் அதுவே. அளவு வந்துவிட்ட பிறகும் எலும்பருகே இளஞ்சிவப்பு தெரிந்தால் பயப்பட வேண்டாம், இளம் பிராய்லரின் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிவதால் அப்படித் தெரியும். இறக்கியவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

கேள்வி: போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிய நாட்டுக்கோழியை இப்படி விரித்துச் சுடலாமா?
போச்சம்பள்ளி வாசகர் ஒருவர்

பதில்: முட்டையிடத் தொடங்காத வெடக்கோழியானால் சுடலாம். மஞ்சள் தடவித் தீயில் வாட்டிய தோல் சுழல்கம்பியில் மிக அழகாகச் சிவக்கும். ஆனால் அதன் நெஞ்சு மெலிந்தும் கால் நீண்டும் இருப்பதால், பிராய்லருக்குச் செய்த கூடை பொருந்தாது. மூடி கடைசிப் படிவரை இறங்க வேண்டும், நீளம் ஐந்து சென்டிமீட்டராவது கூடுதலாக வேண்டும். முதிர்ந்த கோழியையும் சேவலையும் சுட வேண்டாம், அவற்றின் தசைநார் இளக நீரும் நீண்ட நேரமும் தேவை. அவை குழம்புக்குரியவை.

கேள்வி: வலைக்கூடையில் கருகி ஒட்டியதை எப்படிச் சுத்தம் செய்வது? இரும்பு நாரால் தேய்த்தால் துருப்புள்ளி வருகிறது.
அரூர் வாசகி ஒருவர்

பதில்: சாதாரண இரும்பு நாரின் துகள்கள் எஸ்.எஸ். மேல் ஒட்டிக்கொண்டு அவைதான் துருப்பிடிக்கின்றன, எஸ்.எஸ். நார் அல்லது தேங்காய் நார் கொண்டு தேயுங்கள். கோழியை எடுத்ததும் கூடையை மறுபடி பத்து நிமிடம் நெருப்பில் சுழலவிட்டால் ஒட்டியது காய்ந்து உதிரத் தொடங்கும். பிறகு சூடு தணிந்ததும் அகலமான தாம்பாளத்தில் வெந்நீரும் சோடா உப்பும் கலந்து ஓர் இரவு ஊறவைத்தால், காலையில் விரலால் தள்ளினாலே போய்விடும். திருகுகளைத் தனியே கழற்றிக் கழுவி, புரிகளில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு வையுங்கள். அடுத்த முறை சூட்டில் இறுகிப்போகாமல் கழற்ற வரும்.